அதே மேப், வேறு ஊர்: எல்டன் ரிங்கும் பில்டுகளின் கணக்கும்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமின் முதல் பகுதி லிம்கிரேவ். அங்கே அகீல் ஏரியின் ஓரத்தில் எரிந்து கருகிய இடிபாடு ஒன்று இருக்கிறது. அதன் நிலவறையில் ஒரு பெட்டி. திறந்தால் புகை கிளம்பி ஆளைச் சூழ்ந்துகொள்ளும். கண் விழிக்கும்போது கேலிட் என்ற வேறொரு பகுதியின் படிகச் சுரங்கத்துக்குள் கிடப்போம். அங்கிருந்து மேப்பைத் திறந்து வேறு இடத்துக்குத் தாவ முடியாது, நடந்துதான் வெளியே வர வேண்டும். முதல் ஆட்டத்தில் எனக்கு அப்போது லெவல் பத்தோ பன்னிரண்டோதான். அங்கே திரிந்த எதுவும் என்னை இரண்டாவது அடிக்கு விட்டுவைக்கவில்லை. எட்டுப் பத்து முறை செத்து, சுவரோடு ஒட்டி ஓடி வெளியே வந்தால் வானம் முழுக்கச் சிவப்பு, தரையெல்லாம் அழுகல், மாட்டைவிடப் பெரிய நாய்கள். லிம்கிரேவின் பச்சைப் புல்லைத் திரும்பப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது மணி நேரம் கேலிட் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அதே பெட்டியை நானே தேடிப் போய்த் திறந்தேன். அப்போது நான் அஸ்ட்ராலஜர், அதாவது மந்திரக்காரர். கேலிட்டின் சதுப்பு நிலத்தில் ஒரு பாழடைந்த தெரு இருக்கிறது. அங்கே இடிந்த சுவரின் ஜன்னலில் ஒரு பிணம் தொங்கும். அதனிடம் மீட்டியரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோல் இருக்கிறது. இன்டெலிஜென்ஸ் 18 இருந்தால் அதைக் கையில் எடுக்கலாம். அஸ்ட்ராலஜர் 16-ல் தொடங்குகிறார், ஆக இரண்டே லெவல் போதும். பக்கத்திலேயே ஒரு நிலவறையில் ராக் ஸ்லிங் என்ற மந்திரம். தரையிலிருந்து பாறைகளைப் பிடுங்கி எறியும் அந்த மந்திரத்துக்கு அந்தக் கோல் கூடுதல் பலம் தருகிறது. சுரங்கத்திலிருந்து தப்பி, குதிரையை விரட்டி, கோலையும் மந்திரத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கேலிட்டில் ஒரு புல்கூட இடம் மாறவில்லை. நாய்கள் அதே இடத்தில்தான் நின்றன. முதல் ஆட்டத்தில் நரகமாக இருந்த இடம், இரண்டாவது ஆட்டத்தில் கடைக்குப் போய்வருகிற இடமாகிவிட்டது. காரணம், என் கதாபாத்திரத்துக்கு என்ன தேவை என்பது மாறியிருந்தது.

இந்த மாதிரி கேம்களை ஏன் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள் என்று கேட்டால், நிறைய ஆயுதங்கள், நிறைய மந்திரங்கள், நிறைய முடிவுகள் என்றுதான் பொதுவாகப் பதில் வரும். எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது. நூற்றுக்கணக்கான ஆயுதங்களை அடுக்கிவைத்தும் ஒருமுறை ஆடிவிட்டு மூடிவைக்கத் தோன்றும் கேம்கள் ஏராளம். ஒரு பில்ட், அதாவது கதாபாத்திரத்தை நாம் வளர்த்தெடுக்கும் விதம், நம்மிடம் எதைப் பறிக்கிறது, அந்தப் பற்றாக்குறை நம்மை எந்தப் பாதையில் ஓடவைக்கிறது என்பதில்தான் மறு ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. எல்டன் ரிங் இதைப் பார்க்க நல்ல இடம். 2022 பிப்ரவரி 25-ல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடெடகா மியாசாகியின் இயக்கத்தில் கொண்டுவந்த கேம் இது. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருது வாங்கியது. 2024 ஜூனுக்குள் 2 கோடியே 50 லட்சம் பிரதிகள் விற்றிருந்தது. இவ்வளவு கடினமான ஒரு கேம் இத்தனை பேர் கைக்குப் போனது இதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. கதாபாத்திரத்தின் பலத்தை எண்ணில் சொல்லும் ஸ்டாட்கள் எட்டு. விகர் உயிர்ப்பட்டையை நீட்டுகிறது. மைண்ட் மந்திரச் சக்தியை, என்ட்யூரன்ஸ் ஓடவும் வெட்டவும் வேண்டிய தெம்பையும் சுமக்கக்கூடிய எடையையும் கூட்டுகிறது. ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்க்கேன் ஆகிய ஐந்தும் எந்த ஆயுதத்தைத் தூக்கலாம், எந்த மந்திரத்தைச் சொல்லலாம், அது எவ்வளவு வலிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு லெவல் ஏறினால் ஒரே ஒரு புள்ளி. தொடக்கத்தில் பத்து வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகபாண்ட் லெவல் 9-ல் கவசத்தோடும் வாளோடும் வருகிறார். அஸ்ட்ராலஜர் லெவல் 6. ரெட்ச் லெவல் 1, எட்டு ஸ்டாட்டும் பத்துப் பத்து, கையில் ஒரு கட்டை, உடம்பில் துணி கிடையாது.

பார்த்தால் வேகபாண்டுக்கு ஏதோ சலுகை கிடைத்ததுபோலத் தெரியும். ஆனால் எந்த வகுப்பை எடுத்து எட்டு ஸ்டாட்களையும் கூட்டி அதன் லெவலைக் கழித்தாலும் விடை 79 தான். வேகபாண்டுக்கு 88-லிருந்து 9 போனால் 79. அஸ்ட்ராலஜருக்கு 85-லிருந்து 6 போனால் 79. ரெட்சுக்கு 80-லிருந்து 1. யாருக்கும் ஒரு புள்ளிகூட அதிகம் தரப்படவில்லை. எங்கே போட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வகுப்பு கொடுத்த அளவுக்குக் கீழே எந்த ஸ்டாட்டையும் பின்னால் இறக்கவும் முடியாது. வேகபாண்டை மந்திரக்காரராக்க நினைத்தால் அவருடைய ஸ்ட்ரெங்த் 14 கடைசிவரை சும்மா கிடக்கும். அஸ்ட்ராலஜருக்கு அந்த இடத்தில் 8 தான், ஆக ஆறு புள்ளி மிச்சம்.

இனி லெவல் 125-ல் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் மொத்தம் 204 புள்ளிகள். வேகபாண்டாகத் தொடங்கியவர் விகரை 60-க்கும் ஸ்ட்ரெங்தை 54-க்கும் ஏற்றுகிறார். பெரிய வாளை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும், அதனால் 54 என்பது 81 ஆகிறது. டேமேஜ் தரும் ஸ்டாட்கள் 80-ஐத் தாண்டினால் புள்ளிக்குக் கிடைக்கும் பலன் சுருங்கிவிடும், எனவே அந்த 54 கணக்குப் பார்த்து நிறுத்திய இடம். மற்ற ஸ்டாட்களை வகுப்பு கொடுத்தபடியே விட்டால் என்ட்யூரன்ஸுக்கு 42 வரை மிஞ்சும். கனமான கவசம், மலைபோல் வாள், நீளமான உயிர்ப்பட்டை, எல்லாம் கைக்குள் வந்துவிடும்.

அஸ்ட்ராலஜருக்கு இந்த வசதி இல்லை. மந்திரத்தை இரண்டு கையால் பிடிக்க முடியாது, இன்டெலிஜென்ஸ் 80 வேண்டுமென்றால் 80-ம் போட்டே ஆக வேண்டும். மந்திரச் சக்திக்கு மைண்ட் 30, என்ட்யூரன்ஸ் 15 என்று வைத்தால் விகரை 43-ல் நிறுத்த வேண்டும். வேகபாண்டாகத் தொடங்கிய அந்தப் பலசாலியைவிட 17 புள்ளி குறைவு. விகர் 40-ல் உயிர் 1,450, 60-ல் 1,900. இந்த இடைவெளிதான் பின்பகுதியில் வரும் பாஸ்களின், அதாவது பெரிய எதிரிகளின், ஒரு வெட்டுக்குத் தாங்குவதா, போய்ச்சேருவதா என்பதை முடிவுசெய்கிறது. விகரை 60-க்கு மேல் 99 வரை கொண்டுபோனாலும் 2,100 தான். எந்த இடத்தில் புள்ளி பொன்னாகும், எந்த இடத்தில் மண்ணாகும் என்று தெரிந்துகொள்வதே பாதி விளையாட்டு.

சரி, இரண்டிலும் கொஞ்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டால்? அந்தப் பலசாலிக்கு இன்டெலிஜென்ஸும் 60 வேண்டுமென்றால் இன்னும் 51 புள்ளிகள் தேட வேண்டும். முதல் ஆட்டத்தில் பெரும்பாலோர் விழுவது இந்தக் குழியில்தான், நானும் விழுந்தேன். வாளுக்குக் கொஞ்சம், மந்திரத்துக்குக் கொஞ்சம், ஒரு ஃபெய்த் மந்திரம் நன்றாயிருந்ததென்று அதற்கும் கொஞ்சம். லெவல் 60-ல் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். இரண்டு வேலையும் தெரிந்த பில்டுகள் இந்தக் கேமில் உண்டு, அருமையானவை உண்டு. மூன்வெய்ல் என்ற கத்தானாவுக்கு (ஜப்பானிய வாள்) ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 இருந்தால் போதும், ஒரே ஆயுதம் முக்கியமாகப் பின்னிரண்டு ஸ்டாட்டிலிருந்தும் பலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கேயும் ஸ்ட்ரெங்தை அந்த 12-லேயே விட்டு, ஃபெய்த், ஆர்க்கேன் இரண்டையும் கைகழுவித்தான் வர வேண்டும்.

இந்தப் பற்றாக்குறை வெறும் எண்ணாக இருந்தால் யாருக்கும் உறைக்காது. உறைக்க வைப்பது கேமின் கடினம். கேம் சுலபமாக இருந்தால் எந்த பில்டும் எதையும் ஜெயிக்கும், எல்லா பில்டும் ஒன்றுபோலவே ஆகிவிடும். இதற்கு மார்கிட்டை உதாரணமாகச் சொல்லலாம். ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் நிற்கும் அந்த முதல் பெரிய பாஸை நான் மூன்று விதமான ஆட்களோடு எதிர்கொண்டிருக்கிறேன். மார்கிட் கோலை ஓங்குவார், ஓங்கியபடியே நிற்பார். நம் விரல் பதறி, அடிக்குத் தப்ப உருளும் பொத்தானை முன்கூட்டியே அழுத்திவிடும். உருண்டு எழும் அந்த நொடியில்தான் அடி இறங்கும். பெரிய வாள்காரருக்கு அந்த ஓங்கலே வாய்ப்பு. கோல் மேலே நிற்கும்போது பக்கவாட்டில் குதித்து ஒரு வெட்டு, இப்படி நாலைந்து முறை அடித்தால் அவர் நிலைகுலைந்து மண்டியிடுவார், அப்போது நெஞ்சில் குத்தலாம். கேடயக்காரர் உருளவே வேண்டாம். அடியைக் கேடயத்தில் வாங்கி, வாங்கிய கையோடு திருப்பி அடிக்கலாம். அவருக்கு மார்கிட் ஒரு தாளம், எண்ணிக்கொண்டே நின்றால் போதும்.

மந்திரக்காரருக்கு அதே சண்டை வேறு சண்டை. தூரம் இருந்தால் கூழாங்கல் போன்ற நீல ஒளியை எறிந்துகொண்டே இருக்கலாம், ஆனால் மார்கிட் தூரம் விடமாட்டார். ஒரே தாவலில் மேலே வந்து விழுவார். மருந்துக் குப்பியைத் திறந்தால் ஒளிக் கத்திகளை வீசுவார். உயிர் பாதியாகக் குறைந்ததும் ஒளியாலான சுத்தியலை உருவாக்கிக்கொண்டு குதிப்பார். ஒரு மந்திரம் சொல்லி முடிக்க ஆகும் அந்தச் சின்ன நேரம் எங்கே கிடைக்கும் என்று தேடுவதே அங்கே மொத்தச் சண்டையும். வாள்காரனாக அவரை முப்பது தடவை பார்த்திருந்தேன். எந்த அடிக்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்கும் என்பது மந்திரக்காரனாக நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மார்கிட்டிடம் தோற்றால் என்ன செய்வது? இங்கேதான் திறந்த உலகம் உள்ளே வருகிறது. கதவை முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போகலாம். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வியாபாரி ஸ்வைஹேண்டர் என்ற நீண்ட வாளை 3,500 ரூனுக்கு (ரூன்தான் இந்தக் கேமின் பணம்) விற்கிறார். ஸ்ட்ரெங்த் 19 தேவை, ஆனால் இரண்டு கையால் பிடித்தால் 13 போதும். மந்திரக்காரர் அதே தீபகற்பத்தின் காட்டு இடிபாட்டில் இன்டெலிஜென்ஸ் 10-க்கே அடங்கும் ஒரு கோலை எடுக்கலாம். கோட்டை மோர்னின் அடியில் இருக்கும் சிங்கமுகப் பாஸைச் சாய்த்தால் ஸ்ட்ரெங்த் 40 கேட்கும் ஒரு பூதவாள் கிடைக்கும், பலசாலிக்கு அது எதிர்கால முதலீடு. ஒரே தீபகற்பம்தான், மூன்று பேருக்கு அது மூன்று சந்தை. கோட்டைக்குள் நுழையாமலேயே ஓரமாக ஒரு வழி போகிறது, அதில் நடந்தால் மார்கிட்டையும் கோட்டைத் தலைவன் காட்ரிக்கையும் தொடாமலேயே அடுத்த பகுதியான லியூர்னியாவுக்குப் போய்விடலாம். தலைநகரம் லெய்ண்டெல்லுக்குள் போக, முக்கியமான பாஸ்களை வீழ்த்திப் பெறும் கிரேட் ரூன்கள் இரண்டு இருந்தால் போதும், எந்த இரண்டு என்று கேம் கேட்பதில்லை. ராடான், மலேனியா என்ற பெரிய பாஸ்கள்கூட முடிவுக்குக் கட்டாயம் இல்லை.

இதெல்லாம் வேலை செய்ய இன்னொரு நிபந்தனை இருக்கிறது. இடத்தின் பலம் இடத்தோடு நிலைத்திருக்க வேண்டும், நம்மோடு சேர்ந்து வளரக் கூடாது. 2006-ல் வந்த ஒப்லிவியனை நினைத்துப் பாருங்கள். அந்தக் கேமில் நம் லெவலுக்குத் தக்கபடி எதிரிகளும் ஏறுவார்கள். லெவல் ஏற ஏறச் சாலையோரக் கொள்ளைக்காரர்கள்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கே போனாலும் சண்டையின் கனம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், எங்கே முதலில் போவது என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடுகிறது. கேலிட் எனக்கு முதலில் நரகமாகவும் பிறகு கடையாகவும் இருக்க முடிந்ததற்குக் காரணம், கேலிட் எனக்காக ஒரு நாளும் வளைந்துகொடுக்கவில்லை என்பதுதான்.

ஸ்கைரிம் இன்னொரு வகைப் பாடம் சொல்கிறது. 2011 நவம்பரில் வந்த அந்தக் கேமை நான் நேசிக்கிறேன், எத்தனை மணி நேரம் அதில் நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. அதில் வகுப்பு கிடையாது, எதைச் செய்கிறோமோ அது வளரும். வாளை வீசினால் வாள் திறன் ஏறும், பதுங்கினால் பதுங்கல் ஏறும். கேட்பதற்கு இதைவிடச் சுதந்திரம் வேறில்லை. ஆனால் அந்தக் கேமை ஆடியவர்களிடம் கேளுங்கள், கோடாரிக்காரராகத் தொடங்கியவரும் மந்திரக்காரராகத் தொடங்கியவரும் கடைசியில் இருட்டில் பதுங்கி அம்பு விடுகிறவராகத்தான் முடிந்திருப்பார்கள். உலகம் முழுக்க ஆடுகிறவர்களிடையே இது ஒரு வழக்குச்சொல்லாகவே ஆகிவிட்டது. காரணம் எளிது. பதுங்கி அம்பு விடுவது எல்லாச் சண்டைக்கும் போதுமானதாக இருக்கிறது, அதைத் தொட விடாமல் தடுக்க எதுவும் இல்லை. பழக்கம் ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 2013-ல் வந்த 1.9 பேட்ச், அதாவது கேமுக்கான திருத்தம், முழுதாக வளர்ந்த திறனை மறுபடி கீழே இறக்கி வளர்க்கவும், அதன் மூலம் லெவலுக்கு எல்லையே இல்லாமல் ஏறவும் வழி செய்தது. அதன் பிறகு ஒரே ஆளால் எல்லாமுமாக ஆக முடிந்தது. எல்லாமுமாக ஆகிவிட்ட ஆளுக்கு இரண்டாவது ஆட்டம் எதற்கு?

எல்டன் ரிங்கிலும் கோட்பாட்டளவில் எல்லாமுமாக ஆகலாம். ஒவ்வொரு ஸ்டாட்டும் 99 வரை போகும், எட்டும் நிறைந்தால் 792. அதில் 79 போக லெவல் 713, அதுதான் உச்சம். ஆனால் ஆளோடு ஆள் மோதும் ஆட்டக்காரர்கள் தாங்களே 125 அல்லது 150-ல் நின்றுகொள்கிறார்கள். கேம் அப்படி எந்த விதியும் போடவில்லை. அந்த எல்லைக்கு மேலே போனால் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவோம் என்பது அனுபவத்தில் தெரிந்து, ஆடுகிறவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட வேலி அது. எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடிக்கும். பற்றாக்குறை இருந்தால்தான் அடையாளம் இருக்கும் என்று யாரும் பாடம் எடுக்காமலேயே ஒரு கூட்டம் முடிவுக்கு வந்திருக்கிறது.

ஸ்டாட்டைவிட அழுத்தமாக ஆளைக் கட்டிப்போடுவது ஆயுதத்தைத் தீட்டும் கற்கள். சாதாரண ஆயுதம் +25 வரை போகும், சிறப்பு ஆயுதம் வேறு வகைக் கல்லில் +10 வரை. முதல் இருபது மணி நேரத்தில் கல் கையிருப்பு மிகக் குறைவு. அதை எந்த ஆயுதத்துக்குக் கொடுக்கிறோமோ அந்த ஆயுதத்தோடு நாம் வாழ்ந்தாக வேண்டும். பத்து லெவல் ஏற்றியதைவிட ஆயுதத்தை நாலு படி ஏற்றியது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும் என்பதைப் புதிதாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர் கவனிப்பதில்லை. லெவல் ஒன்றிலேயே கடைசிவரை ஆடிமுடிக்கும் ரெட்ச் ஆட்டக்காரர்கள் இருப்பது இதனால்தான். ஸ்டாட் ஏறாவிட்டாலும் கட்டையை +25 ஆக்க யாரும் தடை சொல்லவில்லையே.

பில்ட் பறிப்பது தொடக்கத்தில் மட்டும் இல்லை, முடிவிலும்தான். ஆர்க்கேன் பில்டுகள் ரத்தப்போக்கை நம்பியவை. வெட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ரத்தம் வெடித்து எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். பாஸ் எவ்வளவு பெரிதோ வெட்டு அவ்வளவு ஆழம். கேம் வந்த ஆண்டில் ரிவர்ஸ் ஆஃப் பிளட் கத்தானாவைத் தூக்காத ஆளே இல்லை என்று தோன்றும். ஆனால் கற்சிலை மாதிரியான சில எதிரிகளுக்கு ரத்தமே கிடையாது. கடைசி பாஸான எல்டன் பீஸ்டுக்கும் கிடையாது. ஃபெய்த் பில்டில் புனித ஒளியை மட்டும் நம்பி வந்தவருக்கு நிலைமை இன்னும் மோசம், கடைசி இரண்டு பாஸ்களும் அதே புனித சக்தியில் ஊறியவர்கள், அந்த டேமேஜ் அவர்கள்மேல் சரியாக ஏறுவதே இல்லை. அறுபது மணி நேரம் பூப்போல நடந்து வந்தவர் கடைசி வாசலில் கல்லில் இடறுகிறார். இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. அடுத்த முறை அதே வாசலுக்குப் பெரிய வாளோடு வரும்போது, ஓ, இது இவ்வளவு வேறாக இருக்குமா என்று தோன்ற வைப்பது அந்த இடறல்தான்.

அப்புறம், ஸ்டாட்களைக் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கும் வசதி. 2011-ன் டார்க் சோல்ஸில் அது கிடையாது, போட்ட புள்ளி போட்டதுதான். 2014-ன் இரண்டாம் பாகத்தில் ஒரு பொருளைச் செலவழித்து மாற்றலாம் என்று வந்தது. எல்டன் ரிங்கில் லியூர்னியாவின் ராயா லூகாரியா அகாடமியில் ரென்னாலாவைத் தோற்கடித்த பிறகு, லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்து மறுபிறவி எடுக்கலாம். அவை எண்ணிக்கையில் கொஞ்சம்தான், உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. உலகம் இவ்வளவு பெரிதாகிவிட்ட பிறகு, தெரியாமல் போட்ட பத்துப் புள்ளிக்காக எண்பது மணி நேரத்தைத் தூக்கி எறியச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் மறுபிறவி எடுப்பதும் புதிதாகத் தொடங்குவதும் ஒன்றல்ல. லெவல் 120-ல் ரென்னாலாவிடம் போய் மந்திரக்காரராகி வெளியே வந்தால், பையில் எல்லா மந்திரமும் இருக்கும், கல்லும் பணமும் நிறைந்திருக்கும். ஊரிலேயே மிகச் செழிப்பான மந்திரக்காரர். மீட்டியரைட் ஸ்டாஃபுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அந்தக் கால் மணி நேரம் அவருக்குக் கிடைக்காது. முடித்த கதாபாத்திரத்தோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடும் நியூ கேம் பிளஸிலும் இதே சிக்கல்தான். எதிரிகள் ஒவ்வொரு சுற்றிலும் பலமாவார்கள், ஏழாவது சுற்று வரை அந்த ஏற்றம் உண்டு. ஆனால் நாம் வறுமையை இழந்துவிட்டோம். பெட்டியைத் திறந்தால் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதான் கிடைக்கும். நான் நியூ கேம் பிளஸை இரண்டாவது சுற்றில் நிறுத்திவிட்டேன், புதுக் கதாபாத்திரம் மட்டும் ஆறு தொடங்கியிருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொருட்கள் எல்லாம் எப்போதும் அதே இடத்தில் இருப்பதால், மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் முதல் ஐந்து மணி நேரம் மளிகைப் பட்டியலாக மாறிவிடுகிறது. இங்கே போ, தேவாலயத்தில் கண்ணீரை எடு, அங்கே போ, மரத்தடியில் விதையை எடு, மருந்துக் குப்பி பெரிதாகும். உலகின் சின்னச் சின்னச் சமாதிகளில் அதே பாஸ்கள் திரும்பத் திரும்ப வருவது முதல் ஆட்டத்திலேயே சலிப்பு, மறு ஆட்டத்தில் அவற்றைத் தாண்டிப் போகவே தோன்றும். பனிமலைப் பகுதிக்கு வரும்போது பில்ட் முழுதாக வளர்ந்துவிட்டிருக்கும், எதிரிகளின் அடி மட்டும் திடீரென்று ஏறும். அங்கிருந்து முடிவுவரை புதிதாகக் கிடைக்கும் ஆசை குறைவு. என் ஆறு பேரில் மூன்று பேர் இன்னும் அந்தப் பனியில்தான் நிற்கிறார்கள்.

பேட்சுகளும் கதையில் பங்கெடுத்தன. கேம் வந்து மூன்று வாரத்தில், 2022 மார்ச் 17-ல் வந்த 1.03, அப்போது எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்த ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற பனி மிதியையும், நம் உருவத்தையே நகலெடுத்துத் துணைக்கு வரும் மிமிக் டியரையும் பலம் குறைத்தது. கோபப்பட்டவர்கள் நிறைய. ஆனால் ஒரே விடை எல்லாக் கேள்விக்கும் பொருந்தினால் மற்ற விடைகளை யாரும் தேடமாட்டார்கள், ஸ்கைரிமின் இருட்டு அம்புக்காரருக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கும்.

2024 ஜூன் 21-ல் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கம் வந்தபோது ஃப்ரம்சாஃப்ட்வேருக்கு ஒரு கடினமான கேள்வி இருந்தது. அதற்குள் நுழைய ராடானையும் மோக் என்ற இன்னொரு பாஸையும் வீழ்த்தியிருக்க வேண்டும். வருகிறவர்களில் ஒருவர் லெவல் 100, இன்னொருவர் 300. இருவருக்கும் வறுமையை மறுபடி எப்படிக் கொடுப்பது? அவர்கள் கண்டுபிடித்த வழி ஸ்காடுட்ரீ துண்டுகள். அந்த நிலத்தில் மட்டும் செல்லுபடியாகும் தனி வலிமை, உலகத்தில் கிடக்கும் துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் ஏறும், 20 படிகள். லெவல் எவ்வளவு இருந்தாலும் துண்டு இல்லாமல் போனால் முதல் பாஸே பிய்த்துப் போட்டுவிடும். மிகக் கடினம் என்ற புலம்பல் பெரிதாக எழுந்தது, சில நாட்களிலேயே முதல் பாதித் துண்டுகளின் பலனைக் கூட்டிப் பேட்ச் விட்டார்கள். அந்த அவசரத் திருத்தம் தேவையாக இருந்ததோ இல்லையோ, யோசனை அருமையானது. லெவல் 200-ல் இருந்த என் பலசாலி மறுபடி ஒவ்வொரு சிலுவையடியையும், ஒவ்வொரு மூலையையும் பசியோடு தேடினார். எட்டுப் புது ஆயுத வகைகளும் வந்தன. அவற்றில் பின்பிடிக் கத்திகளுக்காக மட்டுமே ஒரு புதுக் கதாபாத்திரம் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

2025 மே மாதம் வந்த நைட்ரெய்ன் என்ற தனிக் கேம் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. அங்கே கதாபாத்திரங்கள் வடிவமைப்பாளர்கள் செய்துகொடுத்தவை, தொடக்கத்தில் எட்டுப் பேர். நாம் ஸ்டாட் போடுவதில்லை. பதிலாக நிலத்தில் கிடப்பவை ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறுகின்றன. மூன்று நாள் ஓட்டம், கிடைத்ததை வைத்து மூன்றாம் நாள் பாஸைச் சந்திக்க வேண்டும். நண்பர்களோடு ஆட நன்றாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் ஊர் என்ற ஒன்று உருவாகவில்லை. தெரிந்த தெருவில் வேறு ஆளாக நடப்பதில் இருக்கும் சுகம், தெரு நிலையாக நின்றால்தான் கிடைக்கும்.

இப்போது ஏழாவதாக ஒருவனைத் தொடங்கியிருக்கிறேன். பேண்டிட் வகுப்பு, லெவல் 5, ஆர்க்கேன் 14, டெக்ஸ்டெரிட்டி 13. அகீல் ஏரிக்கு வடக்கே ஓர் ஓடை போகிறது. முதல் ஆட்டத்தில் அந்த ஓடையில் காளான் பறித்துக்கொண்டே போனபோது, திடீரென்று சிவப்பு உருவம் ஒன்று முளைத்து என்னை வெட்டியது, யார் எவர் என்றே தெரியாமல் செத்தேன். இம்முறை லெவல் ஒன்றுகூட ஏற்றாமல் நேராக அந்த ஓடைக்குத்தான் ஓடினேன். நெரிஜஸ் சிவப்பாக முளைத்தான். கொஞ்ச நேரம் உருண்டு புரண்டு தாக்குப்பிடித்தால் யூரா என்ற கூம்புத் தொப்பிக்காரர் துணைக்கு ஓடிவருவார், வந்தார். நெரிஜஸ் விழுந்ததும் ரெடூவியா என்ற குறுவாள் கையில் வந்தது. அதற்கு வேண்டியது ஆர்க்கேன் 13, டெக்ஸ்டெரிட்டி 13. என் ஆளிடம் அது பிறந்தபோதே இருக்கிறது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, வெட்டினால் ரத்தம் வெடிக்கிறது. இவன் பாதையின் கடைசியில் ரத்தமே இல்லாத எல்டன் பீஸ்ட் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே போய்ச்சேர இன்னும் அறுபது மணி நேரமாவது ஆகும்.